8-18 என்று தொடங்கிய அணி: கெட்ட அணியா, கெட்ட மாதமா?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் என்ற, அணியை நிர்வகிக்கும் கணினி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியை எடுத்திருக்கிறீர்கள். சீசன் தொடங்குமுன் ஆட்டமே காட்டிய கணிப்பு 162 ஆட்டத்தில் 80 வெற்றி. ஏப்ரல் முடிகிறபோது கையில் இருப்பது 8 வெற்றி, 18 தோல்வி. 98 ரன் அடித்து 121 ரன் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 2-8. நான்கு வருட ஒப்பந்தத்தில் பெரிய தொகை கொடுத்து வாங்கிய முதல் பேஸ்காரர் .181 பேட்டிங் சராசரியில் (ஆயிரம் தடவைக்கு 181 ஹிட், அதாவது அவுட் ஆகாமல் பேஸ் சேர்க்கும் அடி) தடவிக்கொண்டிருக்கிறார். முதல் நம்பர் பிட்சரின் (பந்து வீசுபவர்) இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுக்கும் ரன் சராசரி, 6.30. முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. லைன்அப்பை (பேட்டிங் வரிசையை) மாற்றவா, பேட்டிங் கோச்சை அனுப்பவா, மைனர் லீக்கில் இருக்கும் இளம் ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் தடுப்பவர்) கொடுத்து ஒரு க்ளோசரை (கடைசி இன்னிங்ஸில் வெற்றியைக் காக்க இறங்கும் பிட்சர்) வாங்கவா, இல்லை பழைய சேவுக்கு (சேமித்து வைத்த ஆட்டத்துக்கு) போய் மறுபடி முதலிலிருந்து ஆடவா என்று நான்கு கேள்வி. நான்குக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: அணி நிஜமாகவே மோசமா, இல்லை மாதம்தான் மோசமா? அதற்கு விடை தெரியாமல் மற்ற நான்கில் எதைத் தொட்டாலும் இருட்டில் கல்லெறிவதுதான்.

நான் படித்தது புள்ளியியல், பிழைப்பும் அதில்தான். இந்த ஆட்டத்தைப் பதினைந்து வருடமாக ஆடுகிறேன், தனியாகவும் இணைய லீக்குகளிலும். அதனால் கீழே கணக்காக வருவதை நம்பலாம். ஆட்டத்தின் எஞ்சின் உள்ளே எப்படி முடிவெடுக்கிறது என்று நான் சொல்வதெல்லாம் வெளியே நின்று பார்த்துக் கற்றது. அந்த இடங்களில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நாணயக் கணக்கு. 80 வெற்றி அணி என்றால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, நாணயம் சுண்டுவது போல. 26 தடவை சுண்டினால் சராசரியாக 13 தலை விழும். எட்டோ அதற்குக் குறைவாகவோ விழ நூற்றுக்கு நான்கு வாய்ப்புக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன எண்தான், ஆனால் லீக்கில் 30 அணி இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். முப்பதுமே சராசரி அணிகள் என்று வைத்துக்கொண்டால்கூட, சராசரியாக ஒவ்வொரு ஏப்ரலிலும் அதில் ஒரு அணி இப்படி விழும். இந்த வருடம் அந்தச் சீட்டு உங்களுக்கு விழுந்திருக்கலாம். விழாமலும் இருக்கலாம், 80 என்ற கணிப்பே தப்பாக இருக்கலாம். இந்த ஒரு கணக்கை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலரும் வழுக்கி விழுகிற இடம் இது. "அணி நல்லதுதான், போகப்போகச் சரியாகிவிடும்" என்பதை "போனதெல்லாம் திரும்பி வரும்" என்று படித்துவிடுகிறார்கள். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. மீதி 136 ஆட்டத்தில் நீங்கள் மறுபடி 80 வெற்றி அணியாகவே ஆடினால் அதில் 67 ஜெயிப்பீர்கள், கையில் இருக்கும் எட்டோடு சேர்த்து 75. ஏப்ரலில் தொலைத்த ஐந்து தொலைந்ததுதான். 75 உங்களுக்குப் போதாது. ஆனால் 2022-லிருந்து கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான ப்ளேஆஃபுக்கு 12 அணிகள் போகின்றன, 2023-இல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் வெறும் 84 வெற்றியோடு உள்ளே நுழைந்து, கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் வரை போனது. அப்படியானால் எங்கிருந்தோ ஒன்பது வெற்றி வேண்டும். கடினம்தான், ஆனால் பேசவே முடியாத தூரம் இல்லை.

சரி, உங்கள் 8-18-ஐப் பிரித்துப் பார்ப்போம். அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்த ரன் வர்க்கமும் கொடுத்த ரன் வர்க்கமும் கூட்டிய தொகையால் வகுப்பது பேஸ்பால் புள்ளியியல் எழுத்தாளர் பில் ஜேம்ஸ் கொண்டுவந்த பழைய சூத்திரம். 98-க்கும் 121-க்கும் போட்டால் வெற்றி விகிதம் .396 வருகிறது, 26 ஆட்டத்துக்குச் சுமார் 10 வெற்றி. அதாவது நீங்கள் ஆடிய ஆட்டத்துக்கு 10-16 கிடைத்திருக்க வேண்டும். இரண்டு வெற்றியை அந்த 2-8 தின்றுவிட்டது. ஒரு ரன் ஆட்டங்களில் நல்ல புல்பென் (நடுவில் இறங்கும் மாற்று பிட்சர்கள்) கொஞ்சம் உதவும் என்பது உண்மை. ஆனால் பெரும்பகுதி அதிர்ஷ்டம்தான். 2012-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அப்படிப்பட்ட ஆட்டங்களில் 29-9. ஜெயிக்கத் தெரிந்த அணி என்று எல்லாரும் எழுதினார்கள். அடுத்த வருடம் அதே ஓரியோல்ஸ் 20-31. ஆகவே உங்கள் 2-8-ஐப் பார்த்து "எனக்கு க்ளோசர் இல்லை" என்று முடிவு கட்டியது அவசரம்.

இப்போது 13-லிருந்து 10-க்கு ஏன் வந்தீர்கள் என்பது மிச்சம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த பட்டியலில் உங்கள் முதல் நம்பர் பிட்சர் 30 இன்னிங்ஸில் 32 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் அடிக்க முடியாமல் அவுட்), 9 வாக் (தப்பான பந்துகளால் பேட்டருக்குச் சும்மா கிடைத்த பேஸ்), 3 ஹோம்ரன். தடுப்பாளர்களை விட்டுவிட்டு பிட்சரை மட்டும் அளக்கும் ஃபிப் சூத்திரத்தில் போடுங்கள்: ஹோம்ரன் 13 மடங்கு, வாக் 3 மடங்கு, அதில் ஸ்ட்ரைக்அவுட்டின் இரண்டு மடங்கைக் கழித்து இன்னிங்ஸால் வகுத்து, 3.1 சொச்சத்தைக் கூட்ட வேண்டும். அடிபட்டு பேஸ் போனவர்களை விட்டுவிட்டால் 3.2 பக்கத்தில் வருகிறது. 6.30 கொடுக்கிற பிட்சர் இல்லை அவர்; 3.2 கொடுக்கிற பிட்சர், அவருக்குப் பின்னால் பந்து தரையில் விழுந்துகொண்டே இருக்கிறது. அணி முழுவதையும் பார்த்தாலும் அதே கதை. ஹோம்ரன் போக, மட்டையில் பட்டு மைதானத்துக்குள் வந்த பந்துகளில் உங்களுக்கு எதிராக .325 ஹிட் ஆகியிருக்கிறது. லீக் சராசரி .300 அளவு. 26 ஆட்டத்தில் அப்படி 650 பந்தாவது வந்திருக்கும், ஆக சுமார் 16 ஹிட் அதிகம். அவுட் ஆகவேண்டிய பந்து ஹிட்டாவதற்கு முக்கால் ரன்னுக்கு மேல் விலை. மொத்தம் 12, 13 ரன். அதை 121-இலிருந்து கழித்துவிட்டு மறுபடி அதே சூத்திரத்தைப் போட்டால் கிட்டத்தட்ட 12 வெற்றி வருகிறது. கணிப்பு சொன்ன 13-க்குப் பக்கம் வந்துவிட்டோம்.

"அப்படியானால் எல்லாமே துரதிர்ஷ்டம்தானே, சும்மா இருந்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். இல்லை. உங்கள் கேள்வியின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: புது ஆளின் பேட்டிங்குக்கு இடம் கிடைக்க மூன்றாவது பேஸ்காரரை ஷார்ட்ஸ்டாப்பிலும், இடது ஃபீல்டரை சென்டரிலும் நிறுத்தினேன் என்று. எனக்கு அந்த வரிதான் மொத்தக் கேள்வியையும்விடப் பெரியது. ஒவ்வொரு ஆட்டக்காரர் பக்கத்திலும் நிலைவாரியாகத் தடுப்பு மதிப்பெண் (வழக்கமாக 20 முதல் 80 வரை) இருக்கும், போய்ப் பாருங்கள். மூன்றாவது பேஸில் 60 வாங்குகிறவர் ஷார்ட்டில் 40 வாங்கலாம், காரணம் அங்கே வீச்சு கேட்கும். அந்த இரண்டு நிலையிலும் சுமாரானவரை நிறுத்துவதற்கும் சரியானவரை நிறுத்துவதற்கும் முழு சீசனில் ஆளுக்கு 20 ரன் வரை வித்தியாசம் வரும். 26 ஆட்டத்துக்கு ஆளுக்கு மூன்று ரன் சொச்சம், இரண்டு பேருக்கு ஆறேழு. மேலே சொன்ன 13 ரன்னில் பாதி உங்கள் கைங்கரியம். மீதிப் பாதி விதி.

விதி தன்னால் சரியாகும், உங்கள் பாதி சரியாகாது. மீதி 136 ஆட்டத்துக்கு அது முப்பது ரன்னுக்கு மேல். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது பழைய கைக்கணக்கு, ஆக மூன்று வெற்றி. நீங்கள் வாங்க நினைக்கும் க்ளோசர் முழு சீசனில் வீசப்போவது 65 இன்னிங்ஸ், அணி வீசுவது 1,400-க்கு மேல். லீக்கிலேயே மேலான க்ளோசர் முழு வருடத்துக்கு இரண்டு வெற்றி சேர்த்தால் பெரிய விஷயம். அவரை வாங்க நீங்கள் கொடுக்கப்போவது யாரை? இண்டியானாபொலிஸில் ட்ரிபிள்-ஏ (மைனர் லீக்கின் மேல்தட்டு) ஆடிக்கொண்டிருக்கும், தடுப்பில் 65 வாங்கும் ஷார்ட்ஸ்டாப்பை. கிணற்றை விற்றுக் குடம் வாங்குகிற வியாபாரம் இது.

நான் செய்வதானால் அந்தப் பையனை இந்த வாரமே மேலே கூப்பிடுவேன். அவர் பேட்டிங் தயாராகவில்லை என்கிறீர்கள்; .230 அடிப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதாவதாக ஆடட்டும். மூன்றாவது பேஸ்காரர் தன் இடத்துக்குத் திரும்பட்டும். அப்போது மூன்றாவது பேஸில் இப்போது நிற்பவர் பெஞ்சுக்குப் போவார், அவருடைய மட்டையை இழப்பீர்கள், அதற்கு ஒரு பத்துப் பதினைந்து ரன் கழித்துக்கொள்ளுங்கள். லாபம் நான் மேலே சொன்ன அளவுக்குச் சுத்தமாக வராது, ஆனால் வரும். ஒப்பந்தக் கணக்கும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரு வருட சர்வீஸ் (மேல் லீக் அணியில் இருந்த காலக் கணக்கு) என்பது 172 நாள், சீசன் அதைவிட இரண்டு வாரம்தான் நீளம். ஏப்ரல் முழுக்க அவரை கீழே வைத்திருந்ததால் இந்த வருடம் முழு வருடமாகக் கணக்கில் ஏறாது, அவர் உங்களிடம் இருக்கும் காலம் ஒரு வருடம் கூடுகிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதி கூப்பிடாமல் விட்டதில் உங்களுக்கே தெரியாமல் ஒரு நல்லது நடந்திருக்கிறது. (லீக் அமைப்பில் சர்வீஸ் விதிகளை நீங்கள் மாற்றியிருந்தால் இதை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.)

சென்டர் ஃபீல்டுக்கு வேய்வர்ஸ் பட்டியலை (ஒரு அணி விட்டுவிட, மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்கள்) தினமும் பாருங்கள். ஆப்ஷன் (தடையில்லாமல் மைனர் லீக்குக்கு அனுப்பும் உரிமை) தீர்ந்தவர்களைக் கீழே அனுப்பவேண்டுமென்றால் வேய்வர்ஸில் போட்டுத்தான் ஆகவேண்டும், அதனால் சீசனின் முதல் வாரங்களில் ஓடத் தெரிந்த, தடுக்கத் தெரிந்த, அடிக்கத் தெரியாத வெளி ஃபீல்டர்கள் அங்கே சும்மா கிடப்பார்கள். வரிசை முறையில் மோசமான அணிக்கு முதல் உரிமை. 8-18 தரும் ஒரே சலுகை அது, விடாதீர்கள்.

முதல் பேஸ்காரர் விஷயம். 94 அட்-பேட்டில் 17 ஹிட், அதில் 2 ஹோம்ரன், 24 ஸ்ட்ரைக்அவுட். மைதானத்துக்குள் அவர் அடித்த 68 பந்தில் 15 ஹிட், அதாவது .221. அவருடைய பழைய வருடங்களில் இது .290 சுற்றி இருந்தது. அதே அளவில் விழுந்திருந்தால் ஐந்து ஹிட் கூட, .181 என்பது .234. மொத்தக் கவலையும் ஐந்து பந்து! ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் முன்னிருந்த விகிதத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள், அது முக்கியம். ஆளுக்கு வயதாகி மட்டை தளர்ந்தால் முதலில் அந்த இரண்டில்தான் தெரியும், சீக்கிரமும் தெரியும். பேட்டிங் சராசரி சும்மா குதிக்கிற எண், நூறு அட்-பேட்டில் அதை வைத்து யாரையும் எடை போடக்கூடாது. எதற்கும் அவருடைய மதிப்பெண்களைத் திறந்து போன அக்டோபரில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் சீசன் நடுவிலும் மதிப்பெண் இறங்கும். இறங்கியிருந்தால் நான் சொன்ன ஆறுதல் செல்லாது.

ஒரே ஒரு குறை எனக்குப் படுகிறது. அவர் வலது கை பேட்டர், பந்தை இடது பக்கம் இழுத்து அடிப்பவர். உங்கள் பிஎன்சி பார்க்கில் லெஃப்ட் சென்டர் மூலை 410 அடி. வலது கைக்காரர்களின் ஹோம்ரனை விழுங்குகிற மைதானம் என்று பெயர் எடுத்தது. வலது பக்கம் சுவர் 21 அடி உயரம், ராபர்ட்டோ கிளெமெண்டேயின் சட்டை எண்ணுக்காக வைத்த உயரம், ஆனால் தூரம் 320 அடிதான், இடது கைக்காரருக்கு அங்கே வழி உண்டு. ஆட்டமும் இந்த மைதானக் காரணியைக் கணக்கில் எடுக்கிறது. வேறு ஊரில் 30 அடித்தவர் உங்களிடம் 24 அடித்தால் ஆச்சரியப்படாதீர்கள். இது ஏப்ரலின் பிரச்சினை இல்லை, டிசம்பரில் கையெழுத்துப் போட்டபோது செய்தது. இப்போது அவரை விற்காதீர்கள். எதிரணி மேனேஜர்களை ஓட்டும் கணினி மதிப்பெண்ணோடு இந்த வருட எண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது,.181 காட்டுகிற ஆளுக்கு அடிமாட்டு விலைதான் கேட்கும். அதையே திருப்பிப் போடுங்கள்: வேறு அணியில் .190-இல் தடவிக்கொண்டிருக்கும் நல்ல இடது கை பேட்டர் யாராவது இருந்தால், ஏப்ரல் கடைசிதான் அவரை விசாரிக்கிற காலம்.

லைன்அப் வரிசை, பேட்டிங் கோச் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். அதே ஒன்பது பேரை எப்படி மாற்றி அடுக்கினாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு வெற்றிக்கு மேல் நகராது. ஆனால் வலது கை பிட்சருக்கு ஒரு வரிசை, இடது கைக்கு ஒரு வரிசை என்று ஆட்டம் தனித்தனியாகக் கேட்கிறது. இரண்டிலும் அதே ஒன்பது பேரைப் போட்டிருந்தால் அதைப் பிரியுங்கள். கோச் மாற்றினால் இந்த மாதமே அடி கூடும் என்பதற்கு எனக்கு எந்த அடையாளமும் தெரிந்ததில்லை. இளையவர்கள் வளர்வதில் கோச்சுக்குப் பங்கு உண்டு என்று படுகிறது, அது மெதுவான வேலை. 1988-இல் ஓரியோல்ஸ் முதல் ஆறு ஆட்டம் தோற்றதுமே மேனேஜர் கால் ரிப்கன் சீனியரை அனுப்பினார்கள், அதுவும் இரண்டு மகன்கள் அதே அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போது. அடுத்து வந்த ஃப்ராங்க் ராபின்சனின் கீழ் இன்னும் பதினைந்து தோற்று 0-21. எதிர்ப்பக்கம், 2022-இல் பிலடெல்பியா ஃபில்லீஸ் 22-29-இல் மேனேஜரை மாற்றி உலகத் தொடர் வரை போனது. ஃபில்லீஸிடம் அடிக்கிற ஆட்கள் இருந்தார்கள். ஓரியோல்ஸ் முந்தைய வருடமே 67-95.

அந்த 67-95-ஐ நன்றாகப் பாருங்கள். மோசமாகத் தொடங்கித் தலைதூக்கிய அணிகளின் கதையை எல்லாரும் சொல்வார்கள். 2001-இல் ஓக்லாந்து உங்களைப் போலவே சரியாக 8-18, முடித்தது 102-60. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 19-31, முடித்தது 93-69, கோப்பையும் வாங்கியது. ஆனால் ஓக்லாந்தில் ஹட்சன், மல்டர், ஸீட்டோ மூவரும் வீசினார்கள், ஜியாம்பி அடித்தார். வாஷிங்டனில் பிட்சர்கள் ஷெர்ஸரும் ஸ்ட்ராஸ்பர்க்கும் இருந்தார்கள், விரல் முறிந்த ட்ரே டர்னர் மே நடுவில் திரும்பி வந்தார். 8-18 தொடங்கி 68-94 முடித்த அணிகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, அவைதான் அதிகம். உங்கள் அணி ஓக்லாந்து இல்லை. நடுத்தர அணி.

க்ளோசர் வாங்குகிற ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. என் பழைய லீக் ஒன்றில் மே முதல் வாரம் 10-19. இருபத்தொரு வயது சென்டர் ஃபீல்டரைக் கொடுத்து முப்பத்துமூன்று வயது க்ளோசரை வாங்கினேன். ஜூனில் அவருடைய முழங்கை போயிற்று. அந்தப் பையன் என் டிவிஷனிலேயே இருந்த அணியில் எட்டு வருடம் ஆடினான், வருடத்துக்குப் பதின்மூன்று தடவை என் கண்ணெதிரில். அந்த சேவ் இன்னும் வைத்திருக்கிறேன், திறப்பதில்லை.

பழைய சேவுக்குப் போவது உங்கள் கணினி, உங்கள் விருப்பம், பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே அணியோடு திரும்பி ஆடினால் 13-13 பக்கம் வரலாம், ஷார்ட்டில் நிற்கும் மூன்றாவது பேஸ்காரரை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள், செப்டம்பரில் மூன்று வெற்றி குறையும்போது காரணம் தெரியாது. முதலாளியைப் பொறுத்தவரை, மாதத்துக்கு மாதம் அவர் முகம் மாறுவதைவிட வருட இலக்கு எழுதியிருக்கும் பக்கம் முக்கியம். "சரிபாதிக்கு மேல் வெற்றி" என்று இருந்தால் கொஞ்சம் கஷ்டம். "இளையவர்களை வளர்" என்று எங்காவது இருந்தால் ஷார்ட்ஸ்டாப்பைக் கூப்பிடுவதே அதற்கும் மருந்து. எத்தனை தோல்விக்கு அவர் பொறுமை இழப்பார் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

தடுப்பை மாற்றிவிட்டு ஜூன் நடுப்பகுதி வரை ஆடுங்கள், எழுபது ஆட்டம் ஆகியிருக்கும். அப்போது வெற்றி தோல்வியைப் பார்க்காமல் ரன் வித்தியாசத்தைப் பாருங்கள். மே ஒன்றிலிருந்து கூட்டலில் இருந்தால் ஜூலை கடைசி வரை ஒன்றும் விற்காதீர்கள். கழித்தலில் இருபதைத் தாண்டியிருந்தால், ஒப்பந்தம் முடியப்போகும் பிட்சர்களை வரிசையாக நிறுத்தி விலை கேட்கலாம், அப்போது உங்கள் முதல் நம்பர் பிட்சரின் இ.ஆர்.ஏ.யும் இறங்கி நல்ல விலைக்கு வந்திருக்கும். இதற்கிடையில், இடது ஃபீல்டரின் சென்டர் ஃபீல்டு மதிப்பெண் என்ன என்று மட்டும் இங்கே எழுதுங்கள். 45-க்கு மேல் என்றால் அவர் அங்கேயே நிற்கட்டும், நான் மேலே சொன்ன வேய்வர்ஸ் வேலை தேவைப்படாது.